சேவ் ஆகும், லோட் ஆகாது: ஒரு செய்முறைக் கையேடு

ப்ரோகிராம் எழுதுகிறவர்களில் சிலர் டேட்டாவை டிஸ்கில் எழுதி, மறுநாள் அதை அப்படியே திரும்பப் படித்துவிடுகிறார்கள். எழுதியது எழுதியபடி வந்துவிட்டால் டீம் லீட் எதற்கு, சனிக்கிழமை எதற்கு? நல்லதொரு பைனரி ஃபைல் பிழையைப் பெற்று, வளர்த்து, அதைத் தேடி வருகிறவர்களை வேறு தெருவுக்கு அனுப்பி, இரண்டு மூன்று ரிலீஸ் வரையாவது காப்பாற்ற நினைப்பவர்களுக்கான கையேடு இது. உதாரணங்கள் பெரும்பாலும் சி++ மொழியில் இருக்கும். பைத்தான், ஜாவா, டாட்நெட் ஆட்கள் மனம் தளர வேண்டாம். உங்களுக்கும் பந்தியில் இடம் உண்டு.

ஆரம்பத்திலேயே ஒன்று. எந்த பைட்டில் எது இருக்கும், அது எத்தனை பைட் நீளம் என்று காகிதத்தில் எழுதிவைக்காதீர்கள். எழுதிவைத்தால் வேலை சரியாக முடிந்துவிடும் அபாயம் இருக்கிறது. மெமரியில் ஸ்ட்ரக்ட் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே வாரி எஃப்-ரைட்டிடம் கொடுத்துவிடுங்கள். ஒரே வரி. இனி ஃபைலில் என்ன இருக்க வேண்டும் என்பதை கம்பைலர் பார்த்துக்கொள்ளும். அது பார்த்துக்கொள்ளும் அழகைக் கேளுங்கள். ஒரு கேரக்டர், ஒரு இண்ட், இன்னொரு கேரக்டர்: 1, 4, 1. கூட்டினால் 6 வர வேண்டும். சைஸ்-ஆஃப் கேட்டால் 12 என்கிறது. இண்ட் என்பவர் 4-ஆல் வகுபடும் முகவரியில்தான் உட்காருவார், ஆகவே அவருக்கு முன்னால் 3 பைட் காலி. அடுத்த ஸ்ட்ரக்ட்டும் ஒழுங்காக உட்கார வேண்டுமே என்று கடைசியில் இன்னொரு 3. இதற்குப் பேடிங் என்று பெயர். காலி என்றால் சுத்தமான காலியும் இல்லை. அங்கே முன்பு மெமரியில் கிடந்த ஏதோ ஒன்று இருக்கும், அதுவும் உங்கள் கஸ்டமருக்கு ஃபைலோடு சேர்ந்து போகும்.

இண்ட்டை முதலில் வைத்து மற்ற இரண்டையும் பின்னால் வைத்தால் அதே ஸ்ட்ரக்ட் 8 பைட் ஆகிவிடும். எனவே கோட் ரிவ்யூவில் யாராவது நேர்த்தி பற்றிப் பேசினால் உற்சாகப்படுத்துங்கள். "எல்லாவற்றையும் அகர வரிசையில் வைத்தால் படிக்க வசதியாக இருக்குமே" என்று ஒரு வார்த்தை போட்டுவைத்தால் போதும். கம்பைலர் எச்சரிக்காது, டெஸ்ட் எல்லாம் பச்சை, கஸ்டமரிடம் இருக்கும் பழைய ஃபைல்கள் மட்டும் குப்பை. இடம் மாறிய இரண்டும் இண்ட் என்றால் இன்னும் விசேஷம். கிராஷ்கூட ஆகாது. கஸ்டமரின் வயது 4500, பாக்கி 38 ரூபாய் என்று ரிப்போர்ட் அடித்து யாராவது கையெழுத்தும் போட்டுவிடுவார்கள். லாங் என்ற டைப்பையும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். 64 பிட் விண்டோஸில் அது 4 பைட், 64 பிட் லினக்ஸில் 8. பெயர் மட்டும் ஒன்றுதான்.

இந்தக் கலையின் உச்சம் பாயிண்டர். ஸ்ட்ரக்ட்டுக்குள் ஒரு ஸ்ட்ரிங்கைப் போட்டு, அதையும் அதே எஃப்-ரைட்டில் அள்ளி எழுதுங்கள். பெயர் எங்கோ ஹீப்பில் இருக்கும், ஸ்ட்ரிங்குக்குள் அதன் முகவரிதான் இருக்கும். வீடு மாறும்போது சாமான்களை விட்டுவிட்டுப் பழைய வீட்டு முகவரியை ஒரு சீட்டில் எழுதி லாரியில் ஏற்றி அனுப்புவதுபோல. மறுநாள் ப்ரோகிராம் வேறு மெமரியில் எழுந்திருக்கும். அந்த முகவரிக்குப் போனால் அங்கே வேறு யாரோ இருப்பார்கள், அல்லது கதவே இருக்காது.

எல்லாப் பெயருக்கும் இது நடந்தால் முதல் நாளே பிடித்துவிடுவார்கள். நல்லவேளையாக விஷுவல் சி++ கைகொடுக்கிறது. 15 பைட் வரையுள்ள குட்டிப் பெயரை அது ஹீப்புக்கு அனுப்பாமல் ஸ்ட்ரிங்கின் உள்ளேயே வைத்துக்கொள்ளும். உள்ளே இருப்பதால் ஃபைலுக்கும் போய்விடும், திரும்பியும் வந்துவிடும். இங்கிலீஷ் பெயர்களை வைத்து டெஸ்ட் செய்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். தமிழில் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். கமலா என்பது க, ம, ல, துணைக்கால் என்று 4 குறியீடு, 12 பைட். கமலா லோட் ஆவார். முருகன் என்பதில் உகரக் குறிகளையும் புள்ளியையும் சேர்த்து 7 குறியீடு, 21 பைட். முருகன் லோட் ஆக மாட்டார்.

"முருகன்னு பேர் போட்டா மட்டும் கிராஷ் ஆகுதுங்க" என்று டெஸ்டர் வந்து நிற்பார். "இங்கே என் மெஷின்ல நல்லா ஓடுதே ப்ரோ" என்று சொல்லுங்கள். பொய் கிடையாது, நிஜமாகவே ஓடும். ஒரே ஓட்டத்தில் சேவ் செய்து உடனே லோட் செய்து பாருங்கள். பழைய வீட்டில் ஆட்கள் இன்னும் குடியிருக்கிறார்கள், முகவரி செல்லுபடியாகிறது, பெயர் கச்சிதமாக வருகிறது. யூனிட் டெஸ்ட்டையும் இதே மாதிரி எழுதிவிடுங்கள். ப்ரோகிராமை மூடும்போது இரண்டு ஸ்ட்ரிங் ஒரே மெமரியை விடுவிக்கப் பார்த்துக் கிராஷ் ஆனால், "மூடும்போதுதானே" என்று டிக்கெட்டின் முன்னுரிமையைக் குறைத்துவிடலாம்.

அடுத்தது விண்டோஸ்காரர்களுக்கு மட்டும். எஃப்-ஓப்பனில் டபிள்யூ பி என்று போடாமல் வெறும் டபிள்யூ போடுங்கள். பி இல்லையென்றால் விண்டோஸ் அதை டெக்ஸ்ட் ஃபைல் என்று எடுத்துக்கொண்டு, 10 என்ற பைட் எங்கே வந்தாலும் புது வரி என்று நினைத்து முன்னால் ஒரு 13-ஐச் செருகிவிடும். யாரோ 10 கிலோ அரிசி வாங்கியிருந்தால், அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் ஒரு பைட் நகர்ந்திருக்கும். படிக்கும்போதும் பி-யை விட்டுவிட்டால் செருகிய 13 தானாகக் கழிந்து எல்லாம் சரியாகிவிடும். ஏமாற்றம்தான், ஆனால் பொறுமையாக இருங்கள். டெக்ஸ்ட்டாகப் படிக்கும்போது 26 என்ற பைட்டைக் கண்டால் அது ஃபைல் முடிந்தது என்று நின்றுவிடும். சிபி/எம் காலத்தில் ஃபைலின் நீளத்தை 128 பைட் கட்டுகளாகத்தான் கணக்கு வைத்திருந்தார்கள், டெக்ஸ்ட் எங்கே முடிகிறது என்று காட்ட 26 தேவைப்பட்டது. அந்தச் சொத்து இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கிறது. ஆக, 25 கிலோ வரை பில் வரும், 26 கிலோ வாங்கினால் அதற்குப் பின் உள்ள பில்களைக் காணோம், 27 கிலோவுக்கு மறுபடி வரும். இதை நேரில் பார்க்காத ஒருவரிடம் ஃபோனில் சொல்லிப் புரியவைக்க முயன்று பாருங்கள்.

இந்த இன்பத்தைக் கெடுக்கவென்றே சில ஆட்கள் இருக்கிறார்கள். பிஎன்ஜி படத்தின் ஃபார்மேட்டை வகுத்தவர்கள் ஒவ்வொரு படத்தின் தலையிலும் 8 பைட் வைத்தார்கள்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. முதலில் உள்ள 137-க்கு எட்டாவது பிட் தேவை. 7 பிட் வழியாகப் போனால் உடனே நசுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். 80, 78, 71 என்பவை பி, என், ஜி. அடுத்து 13, 10: யாராவது டெக்ஸ்ட் என்று நினைத்து வரிமுடிவை மாற்றினால் இந்த இடம் உடையும். 26, டாஸில் படத்தைத் தவறுதலாக டைப் செய்து பார்த்தால் திரை முழுக்கக் குப்பை ஓடாமல் நிறுத்த. கடைசி 10, எதிர்த்திசையில் வரிமுடிவை மாற்றுகிறவர்களைப் பிடிக்க. மேலே ஒரு முழுப் பத்தியில் விளக்கிய வித்தையை இவர்கள் 8 பைட்டில் தோற்கடித்துவிட்டார்கள். உங்கள் ஃபைலில் இப்படி எதையும் வைத்துவிடாதீர்கள்.

பைட் வரிசை பற்றிச் சுருக்கமாக. 1 என்ற எண்ணின் நான்கு பைட்டைத் தலைகீழாகப் படித்தால் 16777216. சின்ன முனையா, பெரிய முனையா என்ற இந்தச் சண்டைக்குப் பெயர் கொடுத்தவர் டேனி கோஹன். முட்டையை எந்தப் பக்கம் உடைப்பது என்று ஸ்விஃப்ட் 1726-ல் எழுதிய சண்டையிலிருந்து எடுத்து, 1980 ஏப்ரல் 1 அன்று தன் கட்டுரையில் வைத்தார். இன்றைக்கு மேசையில் இருப்பதும் பாக்கெட்டில் இருப்பதும் பெரும்பாலும் சின்ன முனைதான் என்பதால், பழைய நெட்வொர்க் கோட் எதையாவது தொட்டால்தான் உங்களுக்கு இந்த வாய்ப்பு.

இனி முக்கியமான பகுதி: பிழையைத் தேடுவது, அதாவது கண்டுபிடிக்காமல் தேடுவது. தப்பு நடந்தது எழுதும்போது, அழுகை கேட்பது படிக்கும்போது. ஸ்டாக் ட்ரேஸ் முழுக்க லோட் ஃபங்ஷனின் பெயர்தான் இருக்கும். எனவே டீம் மொத்தத்தையும் லோட் ஃபங்ஷன் முன்னால் உட்காரவையுங்கள். சேவ் ஃபங்ஷன் பக்கம் யாராவது திரும்பினால் "அது மூணு வருஷமா ஓடுது, அதைத் தொடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். ஆன்டிவைரஸ், ஒன்டிரைவ், கஸ்டமரின் பென் டிரைவ் என்று சந்தேகப்பட நிறைய பேர் இருக்கிறார்கள்.

விசித்திரமான எண் ஒன்று திரையில் வந்தால் அதை விசித்திரம் என்றே விட்டுவிடுங்கள், ஹெக்ஸில் மாற்றிப் பார்க்காதீர்கள். மாற்றினால் அது பேச ஆரம்பித்துவிடும். -858993460 என்று வந்தால், ஹெக்ஸில் எட்டு சி வரிசையாக நிற்கும். விஷுவல் சி++ டிபக் பில்டில், யாரும் இன்னும் எதுவும் எழுதாத உள்ளூர் வேரியபிள்களை நிரப்பும் பைட் அது. அதாவது ஃபைலிலிருந்து அங்கே எதுவும் வரவே இல்லை. நீளம் இருக்க வேண்டிய இடத்தில் 1213486160 வந்தால், அதன் நான்கு பைட்டும் எழுத்துகள்: ஹெச், டி, டி, பி. உங்கள் பைனரி செய்திக்குப் பதில் ஏதோ ஒரு வெப் சர்வர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. 16777216 யாரென்று ஏற்கனவே பார்த்தோம்.

தமிழ்ப் பெயர்கள் தரும் எண்களுக்குத் தனி ருசி. பைத்தானில் பெயரின் நீளத்தை லென் வைத்து எடுத்து எழுதுங்கள், பிறகு பெயரை யூடிஎஃப்-8 ஆக மாற்றி எழுதுங்கள். 'தமிழ்' என்று பெயர் உள்ள ஒருவர் வந்தால் லென் 5 என்கிறது, எழுதியதோ 15 பைட். படிப்பவர் 5 பைட்டை எடுத்துக்கொண்டு, மீதிப் பத்தில் முதல் நான்கை அடுத்த உறுப்பாகப் படிப்பார். அது வயது என்றால், மைனஸ் 107 கோடியே 90 லட்சத்து 58 ஆயிரத்து 258. இந்த எண்ணின் பைட்டுகளைத் திறந்து பார்த்தால் 174, 224, 174, 191 என்று இருக்கும். தமிழ் எழுத்துகள் எல்லாம் யூடிஎஃப்-8-ல் 224, 174 அல்லது 224, 175 என்றுதான் தொடங்கும். எண் இருக்க வேண்டிய இடத்தில் இந்த ஜோடியைக் கண்டவர் ஒரு நிமிடத்தில் வழக்கை முடித்துவிடுவார். ஆகவே காட்டாதீர்கள்.

எஃப்-ரீட் எத்தனை படித்தேன் என்று ஒரு எண்ணைத் திருப்பித் தரும், அதை வாங்கிக்கொள்ளக் கூடாது. பாதி படித்த ஸ்ட்ரக்ட்டோடு ப்ரோகிராம் தொடர்ந்து ஓட வேண்டும். எக்செப்ஷனை ஒரு காலி கேட்ச்சில் விழுங்கி, "ஃபைல் சேதமடைந்துள்ளது" என்று ஒரு பெட்டி காட்டினால் போதும், பழி டிஸ்க்கின் தலையில். தப்பான இடத்திலிருந்து படித்த எண்ணிக்கையை அப்படியே வெக்டரின் ரீசைஸுக்குக் கொடுத்தால் ப்ரோகிராம் நூறு கோடி இடம் கேட்டு, கிடைக்காமல் விழும். வரும் செய்தி மெமரி போதவில்லை என்று இருக்கும். புது லேப்டாப் கேட்க இதைவிட நல்ல தருணம் வராது.

இவ்வளவு செய்தும் ஒரே ஒரு ஆள் எல்லாவற்றையும் பாழாக்கலாம். அநேகமாக உங்கள் டீமிலும் ஒருவர் இருப்பார், மீட்டிங்கில் பேச மாட்டார். கஸ்டமர் அனுப்பிய 40 எம்பி ஃபைலை அவர் தொட மாட்டார். ஒரே ஒரு ரெக்கார்டு உள்ள ஃபைலை உண்டாக்குவார். அதில் வயதுக்கு 287454020 என்று போடுவார். அசட்டு எண்போலத் தெரிந்தாலும் ஹெக்ஸில் அது 11 22 33 44. சேவ் செய்ததும் லோட் பக்கம் போகாமல் ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் திறப்பார். லினக்ஸ் என்றால் எக்ஸ்எக்ஸ்டி, விண்டோஸ் என்றால் ஹெச்எக்ஸ்டி. ஒரு வெள்ளைத்தாளில் இந்த உறுப்பு இத்தனையாவது பைட்டில் இருக்க வேண்டும் என்று வரிசையாக எழுதிக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வருவார். 44 33 22 11 என்று தெரிந்தால் சின்ன முனை என்று ஓரத்தில் குறித்துக்கொள்வார். எதிர்பார்த்த இடத்துக்கு மூன்று பைட் தள்ளித் தெரிந்தால் பேடிங் என்று எழுதுவார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயருக்குப் பதில் எட்டு பைட் புரியாத எண் இருந்து, இன்னொரு முறை ஓட்டி எழுதிய ஃபைலில் அதே எட்டு பைட் வேறாக இருந்தால், பேசாமல் எழுந்து காபி குடிக்கப் போவார். பாயிண்டரை அவர் பார்த்துவிட்டார். எழுதிய பக்கமா, படித்த பக்கமா என்ற கேள்விக்கு லோட் கோடின் ஒரு வரியைக்கூடப் படிக்காமல் பதில் வந்துவிட்டது. இப்படிப்பட்டவருக்கு உடனே வேறு ப்ராஜெக்ட் கொடுத்துவிடுங்கள்.

கைவசம் இன்னும் சில. பழைய ஃபைல் மேலேயே நேராக எழுதுங்கள். டபிள்யூ போட்டுத் திறந்த அந்த நொடியில் பழைய ஃபைல் பூஜ்யம் பைட் ஆகிவிடும், நடுவில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. தற்காலிகப் பெயரில் முழுக்க எழுதி, டிஸ்கில் இறங்கிவிட்டது என்று எஃப்-சிங்க் மூலம் உறுதிசெய்து, பிறகு பெயரை மாற்றுவது கோழைகளின் வழி. வெர்ஷன் எண் எழுதாதீர்கள். எழுதச் சொல்லி வற்புறுத்தினால் எழுதிவிட்டு, படிக்கும்போது பார்க்காமல் தாண்டிப் போங்கள். கூகுள் 2008-ல் வெளியிட்ட ப்ரோட்டோபஃப் இந்தக் கையேட்டின் பாதியைச் செல்லாக்காசாக்கிவிடுகிறது என்றாலும், நீக்கிய உறுப்பின் எண்ணை இன்னோர் உறுப்புக்குக் கொடுத்தால் அதையும் வழிக்குக் கொண்டுவரலாம். ஜாவாவில் சீரியல் வெர்ஷன் யூஐடி-யை அறிவிக்காமல் விடுங்கள். கிளாஸின் அமைப்பிலிருந்து அதுவே கணக்கிட்டுக்கொள்ளும், பிறகு ஒரு சாதாரண பப்ளிக் மெத்தடைச் சேர்த்தாலே பழைய ஃபைல்களையெல்லாம் ஏற்க மறுத்துவிடும்.

பைத்தானின் பிக்கிள் பற்றி அதன் மேனுவலே எச்சரிக்கிறது: ஃபைலைத் திறப்பதும் அதற்குள் இருக்கும் கட்டளையை ஓட்டுவதும் அங்கே ஒன்றுதான். முன்பின் தெரியாதவர் அனுப்பிய பிக்கிளை ஆபீஸ் மெஷினில் லோட் செய்தால், பிழையைத் தேடும் வேலையை செக்யூரிட்டி டீம் எடுத்துக்கொள்ளும்.

டாட்நெட்டின் பைனரி ஃபார்மேட்டரும் இதே குலம். மெமரி ஸ்ட்ரீமில் எழுதிவிட்டுப் பொசிஷனை 0-க்குக் கொண்டுவராமல் படித்தால், அலசி முடிப்பதற்குள் ஸ்ட்ரீம் முடிந்துவிட்டது என்று அது புலம்பும். கேட்பவர் டேட்டா பாதியில் அறுந்துவிட்டது என்று நினைத்து சர்வர் லாக் வரை போய்த் தேடுவார். டேட்டா முழுசாக இருக்கும், படிக்கும் இடம்தான் கடைசியில் நிற்கும். இந்த வேடிக்கைக்கு இனி அதிக நாள் இல்லை. பாதுகாப்புக் காரணத்தால் 2020-ல் டாட்நெட் 5 இதை வழக்கொழிந்தது என்று அறிவித்தது, 2024 நவம்பரில் வந்த டாட்நெட் 9-ல் கூப்பிட்டாலே எக்செப்ஷன்தான். விண்டோஸோடு வரும் பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கில் இன்னும் ஓடுகிறது. புதிய வரிசையில் இது ஓடக்கூடிய கடைசிப் பதிப்பு டாட்நெட் 8, அதற்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2026 நவம்பர் 10-ல் முடிகிறது. கையேட்டைக் கொஞ்சம் மூடி வைத்துவிட்டு, அப்படிச் சேமித்த ஃபைல்கள் உங்கள் சர்வரில் எங்கேயாவது கிடக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால், அவற்றைப் படிக்கத் தெரிந்த ப்ரோகிராம் ஓடும்போதே வேறு ஃபார்மேட்டில் மாற்றி எழுதிவைத்துவிடுங்கள்.